திருகோணமலைக்கு எந்தக் கடற்கன்னி?

பதினான்கு வயது முதல் பதினெட்டு வயது வரையான பிள்ளைகள் வாசிக்கும்படி ஒரு கடற்கன்னிக் கதையை எங்கள் திருகோணமலைக் கடலில் வைத்து மறுபடி எழுதுவதென்று நாங்கள் சிலர் சேர்ந்து தீர்மானித்திருக்கிறோம். மாயமும் வேண்டும், ஊரும் வேண்டும். சின்னப் பிள்ளைகளின் படக்கதையாகச் சுருங்கவும் கூடாது, பெரியவர்களின் புலம்பலாகக் கனக்கவும் கூடாது. இவ்வளவிலும் எல்லோரும் ஒருமனப்பட்டுவிட்டோம். இழுபறி அடுத்த கேள்வியில்தான் தொடங்கியது. கடற்கன்னிக் கதை என்கிறோமே, எந்தக் கடற்கன்னி?

முன்னால் இருப்பவை இவை. டென்மார்க்கின் ஹான்ஸ் கிறிஸ்டியன் அண்டர்சன் 1837இல் வெளியிட்ட மூலக்கதை. அதை வைத்து டிஸ்னி நிறுவனம் 1989இல் எடுத்த படத்தின் மகிழ்ச்சியான முடிவு. பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தெரிந்த கதை அதுதான். அண்டர்சனுக்கு முன்பே ஜெர்மன் மொழியில் வந்த உண்டீனின் கதை. தாய்லாந்து, கம்போடிய இராமாயணங்களில் வரும் இராவணன் மகள் சுவண்ணமச்சா. கடைசியாக, வெளியூர்க் கதை எதுவும் வேண்டாம், எங்கள் கிழக்குக் கரையின் வாய்மொழிக் கதைகளே போதும் என்ற யோசனை.

இவற்றை நான் ஒரு கேள்வியை வைத்து எடைபோடுகிறேன். கதையின் உச்சத்தில் முடிவெடுப்பது யார்? எந்தப் பாடப்பிரிவில் படிப்பது, எந்த நேரத்துக்கு வீடு திரும்புவது, யாரோடு பழகுவது என்று எல்லாவற்றையும் மற்றவர்கள் தீர்மானிக்கிற வயது பதினாறு. அந்த வயதில் கையில் எடுக்கும் கதையில் கதாநாயகி ஓரிடத்திலாவது தனியே நின்று தானே தீர்மானிக்க வேண்டும். அந்தத் தீர்மானத்தின் விலையை அவளே கொடுக்கவும் வேண்டும். இது இல்லாவிட்டால் கடல், மாயம், முத்து, பவளம் எல்லாம் வெறும் அலங்காரம்.

அண்டர்சனின் பெண்

இந்தக் கதையைச் சுருக்கமாகக் கேட்டு வளர்ந்தவர்கள் முழுப் பிரதியை ஒருமுறை வாசித்துப் பார்க்க வேண்டும். அது மென்மையான கதையே அல்ல. கடலரசனுக்கு ஆறு பெண்கள், இவள் கடைக்குட்டி. பதினைந்து வயது நிறைந்தால்தான் மேலே போய் வெளியுலகைப் பார்க்க அனுமதி. அந்த நாள் வந்ததும் பாட்டி அவளை அலங்கரிக்கிறாள். தலைக்கு வெள்ளை அல்லி மாலை, அதன் ஒவ்வோர் இதழும் பாதி முத்து. வாலைக் கௌவிப் பிடித்துக்கொள்ள எட்டுப் பெரிய சிப்பிகள், உயர்ந்த குலத்தவள் என்பதற்கு அடையாளமாக. வலிக்கிறது என்கிறாள் பேத்தி. அந்தஸ்து வேண்டுமானால் கொஞ்சம் பொறுக்கத்தான் வேண்டும் என்கிறாள் பாட்டி.

இந்த இடத்தை எங்கள் ஊரில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. பெண் பெரியவளானதற்கு எடுக்கும் சாமத்திய வீட்டு மணவறையில் பாரச் சேலையும் இரவல் நகையும் இழுக்கின்ற சடைநாகமுமாக உட்கார்ந்து, படம் எடுப்பவர் சொல்லும் பக்கமெல்லாம் திரும்பி, ஆலாத்தி எடுக்க வரும் மாமிமார் எல்லோருக்கும் சிரித்து, எப்போது இதையெல்லாம் கழற்றலாம் என்று காத்திருந்த எந்தப் பெண்ணும் அந்த எட்டுச் சிப்பிகளை உடனே அடையாளம் காண்பாள். கடலுக்கடியில் நடக்கும் சாமத்திய வீடு ஒன்றோடு எங்கள் முதல் அத்தியாயம் தானாகவே அமைந்துவிடுகிறது. டென்மார்க்கில் எழுதிய ஒருவர் இதை எங்களுக்காக எழுதிவைத்தது போல இருக்கிறது.

பிறகு நடப்பது பலருக்குத் தெரியும். கப்பல் உடைகிறது, இளவரசனைக் காப்பாற்றிக் கரையில் கிடத்துகிறாள், வேறொரு பெண் அவனைக் கண்டெடுக்கிறாள், அவன் கண்விழித்து அவளையே தன்னைக் காத்தவள் என்று நினைத்துக்கொள்கிறான். கடற்சூனியக்காரியிடம் போகிறவள் கால்களுக்கு விலையாகக் குரலைக் கொடுக்கிறாள். சூனியக்காரி குரலை மந்திரத்தால் உறிஞ்சி எடுக்கவில்லை, நாக்கையே அறுக்கிறாள். கிடைத்த கால்களிலும் ஒவ்வோர் அடி வைக்கும்போதும் கூரிய கத்திமேல் நடக்கும் வேதனை. அதோடு அவள் நடனமும் ஆடுகிறாள். இளவரசன் அவளை அன்பாகத்தான் நடத்துகிறான். ஆனால் அவள் படுப்பது அவன் அறை வாசலில், ஒரு வெல்வெட் மெத்தையில்.

அவன் வேறொருத்தியை மணந்தால் மறுநாள் விடியலில் அவள் நுரையாகிவிடுவாள் என்பது ஒப்பந்தம். மணக்கிறான். அன்றிரவு கப்பலின் அருகே அக்காமார் ஐவரும் தலைமுடி இல்லாமல் நீருக்கு மேலே வருகிறார்கள். முடியைச் சூனியக்காரிக்குக் கொடுத்துவிட்டு ஒரு கத்தியை வாங்கி வந்திருக்கிறார்கள். சூரியன் எழுமுன் அவன் நெஞ்சில் குத்து, அந்த இரத்தம் உன் காலில் பட்டால் வால் திரும்பிவிடும், எங்களோடு வந்துவிடலாம் என்கிறார்கள். அவள் கூடாரத்துக்குள் போகிறாள். அவன் தூக்கத்தில் மனைவியின் பெயரை முணுமுணுக்கிறான். அவள் கையில் கத்தி நடுங்குகிறது. அதைக் கடலில் எறிந்துவிட்டுத் தானும் குதிக்கிறாள்.

கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் எந்தக் கதையிலும் இல்லை. குரல் போய்விட்டது, காதல் கைகூடவில்லை, வீட்டார் முடியை விற்று உயிரைக் கையில் தந்திருக்கிறார்கள். அந்த நிலையிலும் முடிவு அவளுடையது.

ஆனால் இதை அப்படியே எடுக்க முடியாது. இரண்டு பெரிய தடைகள் இருக்கின்றன. முதலாவது கடைசிப் பக்கம். நுரையான பெண் காற்றின் மகள்களோடு சேர்கிறாள். 300 ஆண்டுகள் நற்செயல் செய்தால் அழியாத ஆன்மா கிடைக்கும். நல்ல பிள்ளையைக் கண்டால் காத்திருக்கும் காலத்தில் ஓர் ஆண்டு குறையும், குழப்படிக்காரப் பிள்ளையைக் கண்டு அழுதால் ஒவ்வொரு கண்ணீர்த் துளிக்கும் ஒரு நாள் கூடும். கத்தியை எறிந்த பெண்ணுக்குப் பின்னால் இந்தப் புத்திமதி வருவது கதைக்குச் செய்த அநியாயம். பதினாறு வயதுப் பிள்ளை அந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடிவிடும்.

இரண்டாவது தடை ஆழமானது. அண்டர்சனின் கடலில் மனிதருக்கு மட்டுமே அழியாத ஆன்மா உண்டு. கடல்வாழ் மக்கள் 300 ஆண்டு வாழ்ந்து நுரையாகிப் போவார்கள், அவ்வளவுதான். மனிதன் ஒருவன் அவளை மணந்தால் அவனுடைய ஆன்மாவில் ஒரு பங்கு அவளுக்கு வரும். கதையின் ஏக்கம் முழுவதும் இந்த நம்பிக்கையின் மேல் நிற்கிறது. எங்கள் ஊரில் இது நிற்காது. சிவபுராணம் ஓதிப் பழகிய பிள்ளைக்குப் புல்லும் பூடும் புழுவும் மரமும் உயிர் நடந்து வந்த வழி. மீனுக்கு ஆன்மா இல்லை என்று சொன்னால் அந்தப் பிள்ளை நம்பப்போவதில்லை. ஆன்மா கணவன் வழியாகத்தான் வரும் என்பதை எந்தச் சமயத்துப் பெண்பிள்ளையிடமும் சொல்ல எனக்கு மனம் இல்லை. ஆகவே அண்டர்சனை எடுத்தால் அவள் ஏன் கரைக்கு வருகிறாள் என்பதற்கு வேறு காரணம் கண்டுபிடித்தாக வேண்டும்.

படத்தின் முடிவும் உண்டீனும்

1989ஆம் ஆண்டுப் படத்தை விரும்புகிறவர்களின் வாதம் எளிதில் தள்ளக்கூடியது அல்ல. எங்கள் பிள்ளைகள் போரையும் ஆழிப்பேரலையையும் கண்ட வீடுகளில் வளர்ந்தவர்கள். கதையிலாவது ஒருத்தி நினைத்ததை அடையட்டுமே என்கிறார்கள். அந்தப் படத்துப் பெண் துருதுருவென்று இருக்கிறாள், கரையிலிருந்து விழுந்த பொருட்களைச் சேர்த்து வைக்கிறாள், கேள்வி கேட்கிறாள். இவையெல்லாம் எடுத்துக்கொள்ள வேண்டிய குணங்கள்.

ஆனால் உச்சக்கட்டத்தைப் பாருங்கள். சூனியக்காரியை உடைந்த கப்பலின் முனையால் குத்திக் கொல்பவன் இளவரசன். மகளுக்குக் கால்களைத் தருபவர் தகப்பன். கத்தி என்ற ஒன்றே அந்தக் கதையில் இல்லை. அக்காமாரின் முடியும் இல்லை. அவள் இழந்தது எல்லாம் அவளுக்குத் திரும்பி வருகிறது; அவள் தீர்மானிக்க வேண்டியிருந்த இடத்தில் இரண்டு ஆண்கள் தீர்மானித்துவிடுகிறார்கள். மகிழ்ச்சியான முடிவோடு எனக்குப் பகை இல்லை. அவளிடமிருந்து முடிவைப் பறித்துத்தான் மகிழ்ச்சியைத் தர முடியும் என்றால் அந்தப் பேரம் எனக்கு வேண்டாம்.

உண்டீனில் அதிக நேரம் செலவிடத் தேவையில்லை. ஃபூக்கே 1811இல் எழுதிய அந்தக் கதையில் நீர்ப்பெண் ஒரு வீரனை மணக்கிறாள். அவன் துரோகம் செய்து இன்னொருத்தியை மணக்கும்போது நீருலகச் சட்டப்படி அவளே வந்து முத்தத்தால் அவன் உயிரைப் போக்குகிறாள். அழுதுகொண்டே செய்கிறாள் என்பது மனத்தைத் தொடும். ஆனால் அவள் சட்டத்தின் கையாள். அண்டர்சனின் பெண்ணிடம் கத்தி இருந்தும் அவள் குத்தவில்லை. உண்டீனுக்கு மறுக்கும் வழியே இல்லை.

இராவணன் மகள்

உண்மையான போட்டி சுவண்ணமச்சாவோடுதான். இவளை வால்மீகியிலும் தேட வேண்டாம், கம்பனிலும் தேட வேண்டாம். தாய்லாந்தின் இராமகியனிலும் கம்போடியாவின் இராமகதையிலும் இருக்கிறாள். கம்போடியாவில் இவளும் அனுமனும் சந்திக்கும் காட்சியைத் தனி நடனமாகவே ஆடுகிறார்கள். இலங்கைக்குப் பாலம் கட்ட வானரங்கள் கல்லைப் போடப்போட அவை மறைந்துகொண்டே இருக்கின்றன. அனுமன் மூழ்கிப் பார்க்கிறான். கடற்கன்னியர் கூட்டம் ஒன்று கற்களைத் தூக்கிப் போகிறது. தலைவியைத் துரத்திப் பிடிக்கிறான். அவள் இராவணனின் மகள். பாலத்தைக் கலைக்கும்படி தகப்பன் அனுப்பியிருக்கிறான். அனுமனோடு காதல் உண்டாகிறது, கற்கள் திரும்பி வருகின்றன, பிறகு அவர்களுக்கு மச்சானு என்ற மகன் பிறக்கிறான்.

இராவணன் பெயரைச் சொன்னால் எங்கள் ஊரில் ஒவ்வொரு கல்லும் பேசும். கோணேசர் மலையில் இராவணன் வெட்டு இருக்கிறது. நோயுற்ற தாய்க்காகக் கோயிலையே பெயர்க்க முயன்றபோது வாளால் வெட்டிய பிளவு என்பது ஐதீகம். கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள். தாய்க்கு இறுதிக் கிரியை செய்ய அவன் நிலத்தைக் குத்தி உண்டாக்கியவை என்பார்கள். இன்றும் அந்தியேட்டி செய்ய அங்கே போகிறவர்கள் உண்டு. தாய்க்காக மலையை அசைத்த ஒருவனுக்குக் கடலில் ஒரு மகள் இருந்தாள் என்று தொடங்கினால் எந்தப் பிள்ளையும் நிமிர்ந்து உட்காரும். தகப்பன் மேல் பாசம் ஒரு பக்கம், அவன் ஏவிய வேலை சரியல்ல என்ற உறுத்தல் மறுபக்கம். இளையோருக்கு எழுத இதைவிட நல்ல முடிச்சு அரிது. இந்தக் கதையை எங்களில் ஒருவர் முன்வைத்தபோது நானும் சில நாட்கள் அதன் பக்கம்தான் இருந்தேன்.

தடைகள் ஒவ்வொன்றாகத்தான் தெரிந்தன. பாலம் மன்னார்ப் பக்கம், நாங்கள் கிழக்குக் கரை. கதையின் மையக் காட்சி எங்கள் கடலில் நடக்கவே முடியாது. எங்கள் கோயில்களில் அனுமன் பிரமச்சாரி. அவனைக் காதலனாக எழுதினால் வாசிப்பதற்கு முன்பே வீட்டுப் பெரியவர்கள் புத்தகத்தை வாங்கி வைத்துவிடுவார்கள். அவர்களின் பக்தியை மதிக்க வேண்டியதும் முறைதான். அடுத்து, கிண்ணியாவிலும் மூதூரிலும் இருக்கின்ற முஸ்லிம் பிள்ளைகளும் இதே தமிழில் வாசிக்கிறவர்கள், இதே கடலில் தகப்பனை அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறவர்கள். அவர்கள் விருந்தினர் போல வாசிக்கும் கதையாக இது ஆகிவிடக் கூடாது. கடல் எல்லோருக்கும் பொது. இதிகாசத்தை அப்படிச் சொல்ல முடியாது.

இவை எல்லாவற்றையும் ஏதோ ஒரு விதத்தில் சமாளித்துவிடலாம் என்றே வைத்துக்கொள்வோம். முடிவான வேறுபாடு கதைக்குள்ளேயே இருக்கிறது. இரண்டு பெண்களும் அழிக்கும் வல்லமை கையில் இருந்தும் அழிக்காமல் விட்டவர்கள். இது இரண்டு கதைகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்த பிறகே எனக்குத் தெரிந்தது. ஆனால் சுவண்ணமச்சா கல்லைத் திருப்பிக் கொடுக்கும்போது அவளுக்குக் காதல் கிடைத்திருக்கிறது. அண்டர்சனின் பெண் கத்தியை எறியும்போது அவளுக்கு எதுவும் கிடைக்கவில்லை. தகப்பனின் கட்டளையை மீறுவதில் ஒரு வீரம் உண்டு, அதைக் கதைகளில் நிறையப் பார்த்துவிட்டோம். முடியை விற்று வந்து கெஞ்சும் அக்காமாரை மீறுவது அதைவிடக் கடினம். அவர்கள் கொடுங்கோலர்கள் அல்லர், தங்கைமேல் உயிரை வைத்திருப்பவர்கள். பிழையான ஒன்றை அன்பானவர்கள் கேட்கும்போது என்ன செய்வது என்ற கேள்வி எங்கள் வீடுகளில் அடிக்கடி எழுவது.

எங்கள் கரையின் கதைகள்

ஊர்க்கதை போதும் என்றவர்கள் முதலில் காட்டியது மட்டக்களப்பை. கல்லடிப் பாலத்தடியில் நிலவுக் காலத்தில் மீன் பாடும் என்பதும், மீன்மகளே அந்த ஊரின் அடையாளம் என்பதும் யாவரும் அறிந்தது. அது அவர்களுடைய சொத்து. தவிர அது ஓர் ஓசை. கதையாக அதில் அதிகம் இல்லை. மன்னாரில் 1560இல் ஏழு கடல்மனிதர் வலையில் அகப்பட்டார்கள், கோவாவில் வைத்தியர் ஒருவர் அறுத்துப் பார்த்து உள்ளுறுப்புகள் மனிதருடையவை போலவே இருப்பதாகச் சொன்னார் என்று இயேசு சபையின் பழைய குறிப்பு ஒன்றை, 19ஆம் நூற்றாண்டில் இலங்கையைப் பற்றி எழுதிய பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட் எடுத்துக் காட்டியிருக்கிறார். அவை ஆவுளியா என்ற கடற்பசுக்களாக இருந்திருக்க வேண்டும். குட்டியை மார்போடு அணைத்துப் பால் கொடுக்கும் விலங்கு என்பதால் தூரத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றியிருக்கும்.

எங்கள் ஊருக்கே உரியது சுவாமி மலையில், அதாவது கோணேசர் மலையில், நிற்கும் பிரான்சினா வான் ரீடின் தூண். டச்சு அதிகாரி ஒருவரின் மகள், காதலன் ஏறிய கப்பல் போவதைப் பார்த்து 1687இல் மலையிலிருந்து குதித்தாள் என்று சொல்வார்கள். அதன் பின்னும் அவள் வாழ்ந்தாள், மறுமணமும் செய்தாள் என்று பழைய பதிவுகளைப் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். உயிரோடு இருந்து வேறு வாழ்க்கை அமைத்துக்கொண்ட பெண்ணைக் குதித்தவளாகவே நினைவில் வைத்திருக்கிறது ஊர். இதை ஒரு நாவலாக எழுதலாம், எழுத வேண்டும். ஆனால் அது கடற்கன்னிக் கதை ஆகாது. அதைத் தனியே வைத்துக்கொள்வோம்.

என் தெரிவு

அண்டர்சனின் எலும்புக்கூட்டை எடுப்போம். சாமத்திய வீடு, குரல், கத்தி, அக்காமார், விடியல் ஆகிய ஐந்தையும் வைத்துக்கொள்வோம். ஆன்மாவையும் காற்றின் மகள்களையும் விட்டுவிடுவோம். அப்படியானால் அவள் ஏன் கரைக்கு வருகிறாள் என்ற கேள்வி மிஞ்சுகிறது. அதற்கான விடையை எங்கள் கடலே தந்துவிடும் என்று நம்புகிறேன்.

அண்டர்சனில் கப்பல் உடையும்போது அவள் கண் தேடுவது ஒருவனைத்தான். திருகோணமலையில் இதை எழுதினால் முதல் வாசகரே கேட்பார்: மற்றவர்கள்? 2004 டிசம்பர் 26ஐக் கண்ட ஊரில் கடல் கொண்டுபோனவர்களைப் பின்னணிக் கூட்டமாக எழுத முடியாது. எங்கள் கதையில் வாடைக் காற்றுக் காலத்தில் ஒரு வள்ளம் கவிழ்கிறது. அவள் எல்லோரையும் பிடிக்கப் பார்க்கிறாள். ஒருவனைத்தான் கரைசேர்க்க முடிகிறது. மற்றவர்கள் எங்கே போனார்கள் என்பது அவளுக்குத் தெரியும். கொட்டியாரக் குடாவின் அடியிலேயே ஆழ்கடல் பள்ளத்தாக்கு தொடங்குகிறது. அந்த ஆழம் கரைக்கு இவ்வளவு அருகில் இருப்பதால்தான் சுவாமி மலையில் நின்றே சிலவேளை திமிங்கிலங்களைப் பார்க்கிறோம். அந்தப் பள்ளத்தில் இறங்கியவர்களை எந்த வலையும் தேடிக் கண்டெடுக்காது.

பிறகு அவள் நீருக்கு மேலே தலையை நீட்டிப் பார்க்கும் ஒவ்வொரு மாலையிலும் கரையில் அதே பெண்கள் நிற்கிறார்கள். திவசம் கொடுப்பதா, இன்னும் காத்திருப்பதா என்று தெரியாமல் நிற்கிறார்கள். அவர்களிடம் உண்மையைச் சொல்லத்தான் அவளுக்குக் கால்கள் வேண்டும். அந்தக் கால்களுக்கு விலை குரல். எதைச் சொல்ல வந்தாளோ அதைச் சொல்லும் வழியைக் கொடுத்தே வந்துசேர்கிறாள். காணாமல் போனவர்களுக்காக இன்னும் காத்திருக்கும் வீடுகள் உள்ள மாவட்டம் இது. இதற்கு மேல் விளக்கம் எழுதாமல் கதையை அதன் போக்கில் விட்டால் போதும்.

குரல் இழப்பு எங்கள் கரையில் எவ்வளவு கூர்மையாகும் என்பதற்கு ஒரு காட்சி. கரைவலை இழுக்கிறார்கள். கயிற்றின் இரண்டு முனைகளிலும் ஆட்கள், குதிகால் மணலில் புதைய, இடுப்பைப் பின்னுக்குச் சாய்த்து. ஒருவர் அம்பா எடுத்துக் கொடுக்கிறார், மற்றவர்கள் பதில் குரல் கொடுத்துக்கொண்டே இழுக்கிறார்கள். பாட்டின் தாளத்தில்தான் எல்லாக் கைகளும் ஒன்றாகின்றன. அவள் கயிற்றைப் பிடிக்கிறாள். நீருலகிலேயே இனிய குரலைக் கொண்டிருந்தவள் வாயை மூடிக்கொண்டு இழுக்கிறாள். ஒவ்வொரு குதிகாலும் கத்திமேல் அழுந்துகிறது. அவள் இழுப்பு எப்போதும் தாளத்துக்கு ஒரு கணம் பிந்தியே விழுகிறது. பக்கத்தில் நிற்கும் கிழவி ஒருத்தி அதைக் கவனிக்கிறாள். அரண்மனை நடனத்தைவிட இந்தக் கயிறு அவளுடைய வலியை நேராகக் காட்டும். மறுபக்கம், இயந்திரப் படகில் இரைச்சல் கூடிய நேரம் மீனவர்கள் கையாலேயே பேசிக்கொள்வதும் உண்டு. அவளுக்குக் கிடைக்கும் புதிய மொழி அதுவாக இருக்கும். ஏன் எழுதிக் காட்டவில்லை என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். நீருக்கடியில் எழுத்து இல்லை என்பதை முதல் அத்தியாயத்திலேயே நிறுவிவிட வேண்டும்.

இளவரசன் வேண்டாம். திருக்கடலூரில் ஒரு வள்ளத்துச் சம்மாட்டியின் மகன் போதும். வயது இருபதுக்குள், பிழைத்துவந்த ஒரே ஆள் என்ற பாரம் அவன் தலையில். அவளுக்குப் பதினேழு வைத்துக்கொள்வோம், கல்யாணத்தைப் பரிசாக வைக்காமல் இருப்போம். காதல் இருக்கட்டும். ஆனால் அவன் மணக்கப்போகும் பெண்ணைக் கெட்டவளாக எழுதக் கூடாது. அண்டர்சனும் அப்படி எழுதவில்லை. கடற்கரையில் மயங்கிக் கிடந்தவனைக் கண்டெடுத்த பெண்ணுக்கு அவன்மேல் அன்பு வருவதில் என்ன குற்றம்?

கடலடித் தோட்டம் பற்றி ஓர் எச்சரிக்கை. மூலக்கதையில் உடைந்த கப்பலிலிருந்து விழுந்த பளிங்குச் சிறுவன் சிலையை அவள் தன் பூந்தோட்டத்தில் வைத்திருக்கிறாள். எங்கள் மலையடியில் உண்மையிலேயே கல் இருக்கிறது. போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் இடித்த கோணேசர் கோயிலின் எச்சங்களை 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் கடலடியில் கண்டார்கள். அவளுடைய தோட்டத்துக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று எங்களுள் பலர் துள்ளினார்கள். தூண்கள் இருக்கலாம், படிகள் இருக்கலாம். தெய்வத் திருவுருவம் எதுவும் அவளுடைய விளையாட்டுப் பொருளாகக் கூடாது. வழிபடும் இடத்தின் துயரத்தை அலங்காரமாக்கும் உரிமை எங்களுக்கு இல்லை. கோட்டை வாயில் கல்லில் செதுக்கியிருக்கும் இரட்டை மீனை வேண்டுமானால் அவள் கரையில் நடக்கத் தொடங்கிய முதல் நாள் விரலால் தடவிப் பார்க்கட்டும். தன் உலகத்து உருவம் ஒன்றை மேலே காண்பது அவளுக்குத் துணிவு தரும்.

முடிவு பற்றி இன்னும் வாக்குவாதம் நடக்கிறது. கத்தியை எறிய வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். எறிந்த பிறகு விடியலுக்கு இருக்கும் நேரத்தில் அவள் அந்தக் கிழவியின் வாசலுக்குப் போகிறாள். படகில் கற்ற கைமொழியால், எத்தனை பேர், எந்தத் திசை, எவ்வளவு ஆழம் என்று காட்டுகிறாள். கிழவிக்கு விளங்குகிறது. அதற்குப் பிறகு அவள் நுரையாவதா இல்லையா என்பதில் எங்களுக்குள் இரண்டு கட்சி. நுரையாக வேண்டும் என்பது என் பக்கம். சொல்ல வந்ததைச் சொல்லி முடித்தவளைக் கடைசி நிமிடத்தில் மாயத்தால் மீட்டால், முன்பு கொடுத்த விலையெல்லாம் பொய்யாகிவிடும். மறுபக்கத்தார் அவள் கரையில் ஊமையாகவே வாழட்டும் என்கிறார்கள். அது மலிவான முடிவு அல்ல. பேசாமலேயே ஒரு பெண் அந்த ஊரில் இடம் பிடித்துக்கொள்ளும் கதையும் எழுதத் தக்கதுதான். இரண்டு முடிவையும் முழுதாக எழுதி, இளம் வாசகர் சிலரிடம் தனித்தனியே கொடுத்துப் பார்த்துவிட்டுத் தீர்மானிக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

அதற்கு முன் செய்ய வேண்டியது அம்பாப் பாடல்களைச் சேர்ப்பது. பல கரைகளில் இப்போது உழவு இயந்திரம்தான் வலையை இழுக்கிறது. எடுத்துக்கொடுத்துப் பாடத் தெரிந்தவர்கள் வயதாகி வீட்டில் இருக்கிறார்கள். புத்தகத்தில் வரும் ஒவ்வோர் அடியும் அவர்கள் வாயிலிருந்து வந்ததாக இருக்க வேண்டும், நாங்கள் கற்பனையில் கட்டியதாக இருக்கக் கூடாது. சித்திரைக்குப் பிறகு கடல் அடங்கினால் கரைகளில் வேலை கூடிவிடும், எவருக்கும் உட்கார்ந்து பேச நேரம் இருக்காது. ஆகவே திருக்கடலூர், சல்லி, மூதூர்ப் பக்கங்களில் அப்படிப்பட்ட பெரியவர்களைத் தெரிந்தவர்கள் இந்த வாடை முடிவதற்குள் எங்களுக்குச் சொல்லுங்கள்.